செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தரைத்தள வீடு, ஏ ஸோன்: புயலுக்குக் கிளம்புவதா, இருப்பதா?

துளசிமாடம்:

வணக்கம். கொஞ்சம் அவசரம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் புளோரிடாவுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அப்பார்ட்மென்ட், வாடகைக்கு, தரைத்தளம். மெக்சிகோ வளைகுடாவில் இருக்கிற புயல் வியாழன் ராத்திரி நமக்கு மேற்கே நூறு மைல் தள்ளிக் கடலிலேயே வடக்கே போய்விடும் என்கிறார்கள். தேசிய சூறாவளி மையம் போடும் அந்தக் கூம்புப் படத்தில் எங்கள் பகுதி இல்லவே இல்லை. என் வீட்டுக்காரர், "கூம்புக்கு வெளியே இருக்கிறோம், காற்றும் பெரிதாக இருக்காது, எதற்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும்" என்கிறார். ஆனால் கவுண்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) இணையதளத்தில் முகவரியைப் போட்டால் வெளியேற்ற மண்டலம் ஏ என்று வருகிறது.

மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். மாமிக்கு தினமும் இன்சுலின். மாமாவுக்கு முழங்கால் சரியில்லை, படி ஏறுவது கஷ்டம். பையனுக்கு நாலு வயசு. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற லேக்லேண்டில் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். இங்கேயே டவுன்டவுனில் பெரிய டவரில் மேல் மாடியில் இருக்கும் தோழியும் கூப்பிடுகிறாள்.

கவுண்டி உத்தரவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை பொறுக்கலாமா? எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது? பக்கத்து வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டுகிறார்கள், நாங்களும் ஒட்டணுமா?

மேகலை:

டேப் வேண்டாம். அது கண்ணாடி உடைவதைத் தடுக்காது, உடைந்தால் பெரிய பெரிய துண்டாக விழும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் போய் கார் டேங்கை நிரப்புங்கள். இன்றைக்கே. நாளை சாயங்காலம் பாதி பங்குகளில் பெட்ரோல் இருக்காது.

வடகிழக்குவாசி:

துளசி, கிளம்புங்கள். ஏ ஸோனில் தரைத்தளம் என்றால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. காரணத்தையும் எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் கூம்பு, புயலின் நடுப்புள்ளி எங்கே போகலாம் என்பதை மட்டும்தான் காட்டும். அதுவும் மூன்றில் இரண்டு தடவை நடுப்புள்ளி அதற்குள் இருக்கும் என்ற கணக்கில் வரைவது. காற்று எவ்வளவு தூரம் பரவும், கடல் எங்கே ஏறும் என்பதெல்லாம் அதில் கிடையாது. புயலுக்குக் கொடுக்கும் வகை எண்ணும் அப்படித்தான். சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டும் பார்க்கிறது: மணிக்கு 74 மைலைத் தொட்டால் 1, 111 என்றால் 3, 157 என்றால் 5. தண்ணீருக்கு அதில் இடமே இல்லை. 2008ல் டெக்சாஸில் இறங்கிய ஐக் வெறும் வகை 2. பொலிவார் தீபகற்பத்தில் தெருத்தெருவாக வீடுகளைக் கடல் வழித்துக்கொண்டு போனது.

இப்போது நம் ஊர் கதை. 2024 செப்டம்பர் 26, ஹெலீன் புயல். நீங்கள் சொல்கிற இதே மாதிரிதான், மேற்கே நூறு மைலுக்கும் மேல் தள்ளிப் போய், வடக்கே பெர்ரி பக்கம் வகை 4 ஆகக் கரையேறியது. நாங்கள் அப்போது இதே ஊரில் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அன்று காலையிலேயே கிளம்பிவிட்டோம். எதிர் வீட்டுக்காரர், வயசானவர், வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். அன்று ராத்திரி அவருக்கு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

மழை பெரிதாக இல்லையாம். கரண்ட் இருந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் தெருவோர மழைநீர் வடிகாலிலிருந்து தண்ணீர் மேலே வர ஆரம்பித்திருக்கிறது. கடல் மட்டம் ஏறினால் வடிய வேண்டிய குழாய் வழியாகவே அது பின்னோக்கி ஊருக்குள் வரும். மனிதர் வாசலில் மண் மூட்டை அடுக்கி, அதற்குள் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டு வைத்திருந்தார். வாசல் காய்ந்தே இருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது குளியலறைத் தரை ஓட்டை வழியாக, குபுகுபுவென்று. கொஞ்ச நேரத்தில் சோபா மிதந்திருக்கிறது. பிரிட்ஜ் மெதுவாகச் சாய்ந்து மல்லாந்து கதவை அடைத்துக்கொண்டது. பிளக் பாயின்ட்டுகளைத் தண்ணீர் தொடுவதற்குள் மெயினை அணைக்கப் போனால் இருட்டு, தொடை வரைக்கும் உப்புத் தண்ணீர். சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்து விடியவிடிய இருந்தார். அவசர உதவி எண் 911க்குப் போட்டால் எடுத்தார்கள், ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குள் எந்த வண்டி வர முடியும்? உங்கள் மாமாவையும் நாலு வயசுப் பையனையும் அந்த மேடை மேல் நினைத்துப் பாருங்கள்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடல் மட்டத்தை அளக்கும் கருவியில் அன்று வழக்கமான உயர் ஓதத்துக்கு மேல் ஆறடிக்கும் அதிகமாகக் கடல் ஏறியது. 1985ல் எலீனா வைத்துப்போன பழைய பதிவை இரண்டடிக்கு மேல் தாண்டியது. நம் பினெல்லஸ் கவுண்டியில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காற்றில் அடிபட்டு அல்ல, பெரும்பாலும் தண்ணீரில், தங்கள் வீட்டிலேயே.

ஏன் இப்படி? புளோரிடாவின் மேற்குக் கரையில் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் கிடக்கிறது. புயல் நமக்கு மேற்கே போனால் நாம் அதன் வலப்பக்கம் வருகிறோம். அந்தப் பக்கத்துக் காற்று தெற்கிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து டாம்பா விரிகுடாவுக்குள் திணிக்கும். திணித்தது போக வழியில்லாமல் மேலே ஏறும். புயல் நமக்குத் தெற்கே கரையேறினால் நேர்மாறாக நடக்கும். ஹெலீனுக்குப் பதின்மூன்று நாள் கழித்து மில்டன் வந்ததே, அக்டோபர் 9, அது டாம்பாவுக்கே நேராக வருகிறது, பத்துப் பதினைந்து அடி ஏறும் என்று கணித்திருந்தார்கள். கடைசியில் கொஞ்சம் தெற்கே, சரசோட்டா பக்கம் சியெஸ்டா கீயில் வகை 3 ஆக இறங்கியது. கடலுக்குள் அடித்த காற்று விரிகுடாத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த முப்பது நாற்பது மைல் வித்தியாசம்தான் நம்மைக் காப்பாற்றியது. அதை யாரும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் கூம்பையும் வகையையும் பார்க்காதீர்கள், உங்கள் ஸோன் எழுத்தைப் பாருங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறேன். ஏ என்றால் கடல் முதலில் வரும் இடம் என்று அளந்து கணக்குப் போட்டுத்தான் அந்த எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பினெல்லஸுக்கு மூன்று பக்கமும் தண்ணீர். டாம்பா பக்கம் போக காண்டி, ஹோவர்டு ஃபிராங்க்லேண்ட், கோர்ட்னி கேம்ப்பெல் என்று மூன்று பாலம், தெற்கே ஸ்கைவே பாலம். காற்று விடாமல் 40 மைல் வேகத்தில் அடிக்க ஆரம்பித்தால் ஸ்கைவேயை மூடிவிடுவார்கள், மற்றதில் தண்ணீர் ஏறினால் அதுவும் மூடும். நாளை புதன் காலையிலேயே கிளம்பினால் சாதாரண நாள் போலப் போய்ச் சேரலாம்.

ரொம்ப தூரம் ஓடவும் வேண்டாம். கடலுக்கு எட்டாத மேடான இடமும் உறுதியான கட்டடமும் போதும். 2005ல் ரீட்டா வந்தபோது ஹூஸ்டனே ஒரே நேரத்தில் காலி பண்ணிக்கொண்டு நெடுஞ்சாலைகளில் நாள் கணக்காக வெயிலில் நின்றது. முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிப்போன பேருந்து ஒன்று டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். வயசானவர்களை வைத்துக்கொண்டு ஜார்ஜியா வரை போகிறேன் என்று கிளம்பாதீர்கள். லேக்லேண்டு நல்ல யோசனை. அந்த நண்பரின் வீடு ஏரிக்கோ ஓடைக்கோ ஒட்டித் தாழ்வாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனால் கடல் வராது, மழை வரும்.

எடுத்துக்கொள்ள வேண்டியதில் முதலில் காகிதங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் தாள்), ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) பிரதி, மாமா மாமியின் டிக்கெட், அவர்களுடைய பயண மருத்துவக் காப்பீடு, பையனின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம். ஒரு ஜிப் பையில் போட்டு அதை இன்னொரு ஜிப் பையில் போடுங்கள். ஈரமான விசா தாளை வைத்துக்கொண்டு தூதரகத்துக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ரொக்கம் கொஞ்சம் எடுங்கள். கரண்ட் இல்லாவிட்டால் கார்டு வேலை செய்யாது.

அப்புறம் கிளம்புவதற்கு முன் போனில் வீடு முழுக்க வீடியோ எடுங்கள். அலமாரியைத் திறந்து, டிவிக்குப் பின்னால் இருக்கும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி. சாதாரண வாடகைதாரர் இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்கென்று அரசுத் திட்டத்தில் தனி பாலிசி உண்டு, வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பொருள்களுக்கு எடுக்கலாம், ஆனால் எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். இந்தப் புயலுக்கு உதவாது, அடுத்ததற்கு எடுத்து வையுங்கள். ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு) உதவி விஷயம்: நாங்கள் எச்1பி வேலை விசா. ஹெலீனுக்கு அப்புறம் இங்கே பிறந்த எங்கள் மகளின் பெயரில்தான் விண்ணப்பிக்க முடிந்தது. உங்கள் பையன் இங்கே பிறந்தவன் என்றால் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஷெல்டருக்கு, அதாவது புயல் முகாமுக்கு, போக இதெல்லாம் வேண்டாம், விசா எதுவாக இருந்தாலும் உள்ளே விடுவார்கள். பள்ளிக்கூடங்களைத்தான் ஷெல்டராகத் திறப்பார்கள், படுக்கை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில்: தரையில் இருப்பதையெல்லாம் கட்டில் மேல், மேடை மேல் ஏற்றுங்கள். மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டுப் போங்கள். பிரிட்ஜில் கெட்டுப்போகிறதைக் காலி பண்ணிவிடுங்கள். பால்கனித் தொட்டி, நாற்காலி, பையனின் சைக்கிள் எல்லாம் உள்ளே. இன்னொரு கார் எலக்ட்ரிக் என்றால் அதைக் கட்டாயம் மேடான இடத்துக்கோ மாடிப் பார்க்கிங்குக்கோ கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய லித்தியம் பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். அப்பார்ட்மென்டுக்கு அடியில் விட்டுப்போனால் மேலே இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து.

துளசிமாடம்:

வடகிழக்குவாசி அண்ணா, ரொம்ப நன்றி. இதை அப்படியே வீட்டுக்காரரிடம் படித்தேன். குளியலறை ஓட்டை வழியாக வரும் என்றதும் அவர் எழுந்து போய் எங்கள் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது போகலாம் என்கிறார், ஆனால் லேக்லேண்டு வேண்டாம், டவரில் தோழி வீட்டுக்குப் போகலாம், பக்கத்திலேயே இருக்கும், பத்தொன்பதாவது மாடிக்குத் தண்ணீர் வரவா போகிறது என்கிறார். வாங்கி வைத்த தண்ணீர் கேன்களையும் எடுத்துப் போகணுமா? மாமியின் இன்சுலின் ஊரிலிருந்து கொண்டு வந்தது, எல்லாம் பிரிட்ஜில் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

மேல்மாடிக்காரன்:

டவுன்டவுன் டவரில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தண்ணீர் வராது, உண்மை. ஆனால் உங்கள் மாமா முழங்காலுக்கு அந்த வீடு சரிப்படாது. புயலுக்கு முன்னாலேயே லிப்டுகளை மேல் தளத்துக்கு ஏற்றி நிறுத்திவிடுவார்கள். கரண்ட் போனால் மேல் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பும் நிற்கும், அப்போது குழாயில் சொட்டு வராது, டாய்லெட்டும் கிடையாது. பத்தொன்பது மாடி படியில் இறங்கி ஏறுவது யார்?

காற்றும் உயரம் போகப் போகக் கூடும். முப்பது மாடி உயரத்தில் தரையை விட ஒரு வகை அதிகமான காற்று என்று வைத்துக்கொள்ளலாம். மில்டன் அன்று டவுன்டவுனில் கட்டிக்கொண்டிருந்த டவரின் கிரேன் முறிந்து எதிர்க் கட்டடத்தில் விழுந்தது, டிராபிகானா ஃபீல்டு மைதானத்தின் கூரை கிழிந்து பறந்தது. எங்கள் ஜன்னல்கள் புயலுக்கென்று செய்த கண்ணாடி, ஆனாலும் ராத்திரி முழுக்கக் கட்டடம் ஆடுவது தெரிந்தது. நாங்கள் நடைபாதையில், ஜன்னல் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தோம். வாலிபர்கள் தாங்கிக்கொள்ளலாம். நீங்கள் லேக்லேண்டு போங்கள்.

இரவுப்பணி:

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்சுலினுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். இங்கே எஃப்டிஏ (மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) சொல்லும் கணக்கு: பிரிட்ஜ் இல்லாமல் 59 முதல் 86 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் இருக்கிற இடத்தில் 28 நாள் வரை பெரும்பாலான இன்சுலின் வேலை செய்யும். அதாவது கரண்ட் இல்லாத நாலு நாளில் அது வீணாகிவிடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் ஒரே மதியத்தில் வீணாகும். ஐஸ் பெட்டியில் வைப்பதானால் ஐஸில் நேரே படக்கூடாது, துண்டில் சுற்றி மேலே வையுங்கள். ஒரு தடவை உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகினாலும் பயன்படுத்தக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். ஊசி, சர்க்கரை பார்க்கும் மீட்டர், அதற்கான பட்டைகள், சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஜூஸ் பாட்டில், இதெல்லாம் மாமியின் கைப்பையில், காரின் டிக்கியில் அல்ல. டாக்டர் எழுதிய சீட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும், ஊர் பிராண்ட் பெயர் இங்கே மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது.

லேக்லேண்டு வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி, வெளியே, ஜன்னலைப் பார்க்காமல் ஓட வேண்டும். கார் ஷெட்டில் கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் கூடாது. 2020ல் லாரா புயல் போனதற்கு அடுத்த நாள் லூசியானாவில் லேக் சார்லஸில் ஒரே வீட்டில் பல பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள், ஷெட்டில் ஓடிய ஜெனரேட்டர் புகையால். புயல் போன பிறகு எங்கள் அவசரப் பிரிவுக்கு வருகிற கூட்டம் இதுதான்: புகை, ஏணியிலிருந்து விழுந்தவர்கள், ரம்பத்தில் கை வெட்டிக்கொண்டவர்கள், வெயிலில் சுருண்டவர்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி எடுத்துப் போங்கள்.

தண்ணீர் கேன்களை எடுத்துப் போங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன். மில்டன் ராத்திரி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரதான குழாய் உடைந்து நகரம் முழுக்கக் குடிநீரை நிறுத்தினார்கள், திரும்ப விட்ட பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொன்னார்கள். நீங்கள் திரும்பி வரும்போது ஒரு கேலனாவது மிச்சம் இருக்கட்டும்.

துளசிமாடம்:

சரி, முடிவு பண்ணிவிட்டோம். காலை ஏழு மணிக்கு லேக்லேண்டு கிளம்புகிறோம். நண்பர் வீடு மேட்டில்தான், ஜெனரேட்டர் இல்லை. மாமி இன்சுலினைத் தானே இரண்டு பையாகக் கட்டிவிட்டார். காகிதங்கள் தயார். இன்னும் ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை காலை புயல் போய்விடும், வீட்டுக்காரருக்குத் திங்கள் ஆபீஸ். எப்போது திரும்பலாம்?

வடகிழக்குவாசி:

புயல் போனதும் தண்ணீரும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். புயல் வடக்கே தாண்டிய பிறகும் காற்று திசை மாறி, அடுத்த உயர் ஓதத்தோடு சேர்ந்து தண்ணீர் நிற்கும். கவுண்டி உங்கள் ஸோனைத் திறந்துவிட்டோம் என்று சொன்ன பிறகு, பகல் வெளிச்சத்தில் வாருங்கள். முதல் தடவை வீட்டுக்காரர் மட்டும் வரட்டும், பையனையும் பெரியவர்களையும் கூட்டி வர வேண்டாம். ரோட்டில் தண்ணீர் நின்றால் அதற்குள் காரை விடக்கூடாது, ஓரடி ஓடும் தண்ணீர் சின்னக் காரைத் தூக்கிவிடும்.

டாய்லெட்டில் தண்ணீர் விடலாமா என்று நகராட்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டு விடுங்கள். ஹெலீன் அன்று கழிவுநீர் நிலையத்தை நிறுத்தினார்கள், அந்த நேரத்தில் ஊற்றுவதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் தரை வழியாக மேலே வரும். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் அது கடல்நீர் மட்டும் அல்ல, சாக்கடையும் கலந்தது. ரப்பர் பூட்ஸ், கையுறை, மாஸ்க் மூன்றும் இல்லாமல் உள்ளே கால் வைக்க வேண்டாம். பிளக் பாயின்ட் வரை நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடக்கூடாது. எதையும் நகர்த்துவதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் டேப் அளவை வைத்துப் போட்டோ எடுங்கள், பிறகு வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். நனைந்த மெத்தை, கார்ப்பெட் எல்லாம் அன்றைக்கே வெளியே போக வேண்டும். இந்தப் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

லேக்லேண்டுக்கு ஹோவர்டு ஃபிராங்க்லேண்ட் பாலம் ஏறி ஐ-275 நெடுஞ்சாலை, அங்கிருந்து ஐ-4. ஏழு மணி நல்ல நேரம்தான், ஆனால் டாம்பாவுக்குள் ஆபீஸ் கூட்டம் இருக்கும். ஆறுக்கே கிளம்ப முடிந்தால் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள், துளசி.